ரிப்பன் மாளிகையில் தீரர்

ராஜாஜி அணியின் சி.பி. சுப்பையாவைத் தோற்கடித்துக் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரான 1940 தேர்தலை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் காமராஜரை முன்னிறுத்திய சத்தியமூர்த்தி அப்போது சென்னை மேயர். அந்த ஓராண்டைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1937-ல் பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். அமைச்சரவை அமைந்தபோது அவருக்கு அதில் இடமில்லை. ராஜாஜியின் பெரிய பிழைகளில் ஒன்று அது என்றே நினைக்கிறேன். வேறொருவராக இருந்தால் மனம் கசந்து ஒதுங்கியிருப்பார். இவர் 1939 நவம்பரில் ரிப்பன் மாளிகைக்குள் மேயராக நுழைந்தார்.

அந்தப் பதவியில் என்ன இருந்தது? ஆயுள் ஓராண்டு. நிர்வாக அதிகாரம் முழுக்கக் கமிஷனரிடம். மேயருக்கு மன்றத்தின் தலைமை நாற்காலி மட்டும்தான். எதிரே காங்கிரஸ்காரர்கள், ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள், வெள்ளை வணிகர்களின் பிரதிநிதிகள். உத்தரவு போட வழியில்லாதவர் பேசித்தான் காரியத்தை முடிக்க வேண்டும். பேச்சுக்கா பஞ்சம்? சுகுண விலாச சபா மேடையில் நடித்த குரல். டெல்லி மத்திய சட்டசபையில் அதிகாரிகளைக் கேள்விகளால் துளைத்த நாக்கு. ஆனால் தாக்கிப் பேசுவது வேறு, இணங்க வைப்பது வேறு. இரண்டும் கைவந்த தலைவர்களை நம் அரசியலில் விரல்விட்டு எண்ணலாம்.

நகரமோ தண்ணீருக்குத் தவித்தது. கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, சோழவரம் வழியாகப் புழல் ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். மழைக்காலத்தில் மிஞ்சிய வெள்ளம் எண்ணூர் பக்கம் கடலில் கலந்தது. அதை மேலேயே, பூண்டியில், தேக்கிவைக்க வேண்டும். பணமும் அனுமதியும் கோட்டையிலிருந்து வர வேண்டும்.

கோட்டையிலோ அப்போது ஆளுநர் ஆட்சி. இந்தியரைக் கேட்காமல் நாட்டைப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவை அக்டோபரில்தான் பதவி விலகியிருந்தது. தன் கட்சி வெளியேறிய வாசலிலேயே மேயர் போய் நிற்க வேண்டிய நிலை. அவர் போனார். கொள்கையைக் கொள்கையாக வைத்துக்கொண்டு, ஊருக்குக் குடிநீர் கேட்டார். கட்சி மானத்தைக் காட்டி ஊரைக் காயவிடுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் தலைவர்கள் என்று அழைக்க நான் தயாராக இல்லை.

போர்க்காலம். இரும்புக்கும் சிமெண்டுக்கும் ராணுவம் முந்திக்கொள்ளும் நாட்கள். அப்படியும் 1940-லேயே, அவர் மேயராக இருக்கும்போதே, ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். எத்தனையோ திட்டங்கள் கோப்பிலேயே மக்கிப்போன நாட்டில் இது சாதாரண வேகமில்லை.

அடிக்கல் நாட்ட ஒப்புக்கொண்ட அதே அரசு பின்னர் அவரைச் சிறையிலும் அடைத்தது. தனிநபர் சத்தியாகிரகத்தில் ஒருமுறை, 1942-ல் மறுமுறை. அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோன பயணத்தில் முதுகெலும்பில் பட்ட அடியிலிருந்து அவர் மீளவே இல்லை. 1943 மார்ச் 28-ல் சென்னையில் காலமானார். அணை திறக்கப்பட்டது 1944-ல். இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர்.

காமராஜர்–சுப்பையா போட்டி அடுத்த இதழில்.