கண்டியிலிருந்து பலாலிக்கு: வீட்டுச் சிமியுலேட்டருக்கு எந்த மொனிட்டர்?

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறையில் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு கணினி, செகண்ட் ஹாண்டாக வாங்கிய ஜோய்ஸ்டிக் ஒன்று, 21.5 அங்குல மொனிட்டர். மைக்ரோசொப்ட் பிளைட் சிமியுலேட்டர் 2020 ஓகஸ்டில் வெளிவந்தபோது ஊரடங்கு அலுப்பில் தொடங்கிய பழக்கம் இது. எழுத்து வேலை முடிந்த இரவுகளில் ஒரு செஸ்னா 172ஐ எடுத்துக்கொண்டு கட்டுநாயக்காவிலிருந்து வடக்கே பறப்பேன்.

அப்பாவுக்கு இது முதலில் விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஒருநாள் பின்னால் வந்து நின்று, "இது பலாலிக்கும் போகுமோ?" என்று கேட்டார். போகும் என்றேன். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அவர் மயிலிட்டிக்காரர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு எல்லோரும் வெளியேறியபோது வெளியேறியவர். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தையும் விட்டு, வன்னி போய், கடைசியில் கண்டிக்கு வந்தோம். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. எங்கள் காணி இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

அன்று பலாலி வரை போய் இறங்கினோம். இறங்கிய பிறகு அப்பா சொன்னது: "எனக்கு ஒண்டும் வடிவாத் தெரியேல்லை." உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்ற இலக்கங்களையும் அவரால் வாசிக்க முடியவில்லை. பெரிய, தெளிவான மொனிட்டர் தேடும் வேலை அப்படித்தான் தொடங்கியது. மூன்று மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை, இதே எண்ணத்தில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில், இலக்கங்கள் ஏன் தெரிவதில்லை என்பது. செஸ்னா 172இன் புதிய வகைகளில் கார்மின் ஜி1000 என்ற மின்திரைக் கருவிகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் 10.4 அங்குலம், 1024 க்கு 768 பிக்சல். உங்கள் மொனிட்டர் சாதாரண 1080பி என்றால் அதன் முழு அகலமும் 1920 பிக்சல்தான். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும் காட்சியில் ஜன்னல், இறக்கை, மலை எல்லாம் போக அந்தக் கருவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 1024 பிக்சலில் எழுதப்பட்ட இலக்கங்களை 500 பிக்சலுக்குள் நெருக்கினால் அவை பிசகாமல் என்ன செய்யும்? கண்ணில் பிழையில்லை, கணக்கில்தான் பிழை.

இங்கே பலர் விடும் தவறு, பெரிய மொனிட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பது. கடையில் 27 அங்குல 1080பி மொனிட்டர் மலிவாக இருக்கும். ஆனால் அதில் இருப்பதும் அதே 1920 பிக்சல்தான், ஒவ்வொரு புள்ளியும் பெருத்துவிடும், அவ்வளவுதான். என் பழைய 21.5 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.248 மில்லிமீற்றர். 27 அங்குல 1080பியில் அது 0.311. இலக்கம் பெரிதாகும், தெளிவு குறையும். அதே 27 அங்குலத்தில் 1440பி எடுத்தால், அதாவது 2560 க்கு 1440, புள்ளி 0.233 மில்லிமீற்றர். கருவி பெரிதாகவும் தெரியும், அதற்குக் கிடைக்கும் பிக்சலும் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

நல்ல பார்வையுள்ள ஒருவருக்கு ஒரு பாகை அகலத்தில் ஏறத்தாழ 60 புள்ளிகள் வரை பிரித்துப் பார்க்க முடியும் என்பது கண் மருத்துவத்தின் பொதுக்கணக்கு. 70 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து பார்த்தால் 27 அங்குல 1080பி தருவது 39 புள்ளி, 1440பி தருவது 52. 32 அங்குல 4கே 66ஐத் தொடும். 27 அங்குலத்திலேயே 4கே எடுத்தால் 78, கண்ணால் பிடிக்க முடியாத தெளிவுக்குக் காசு கொடுத்ததாகிவிடும். எனவே 4கே வேண்டும் என்றால் 32 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

இனி கணினியின் பக்கம். 1080பியில் ஒவ்வொரு முறையும் வரையவேண்டியது 20.7 இலட்சம் பிக்சல். 1440பியில் 36.9 இலட்சம். 4கேயில் 82.9 இலட்சம், சரியாக நான்கு மடங்கு. இந்தச் சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான். மொனிட்டருக்குக் காசு சேர்த்துவிட்டு, பிறகு கார்டுக்கும் சேர்க்கவேண்டி வந்து முழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் வாங்குவதற்கு முன்பே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிமியுலேட்டரின் கிராபிக்ஸ் அமைப்பில் ரெண்டர் ஸ்கேலிங் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் 1080பி மொனிட்டரிலேயே அதை 133 வீதமாக வைத்தால், கணினி உள்ளே வரைவது 1440பி அளவுப் படத்தை. 200 வீதம் என்றால் 4கே. திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் கார்ட் தாங்குமா என்பது தெரிந்துவிடும். கட்டுநாயக்காவில் முகிலுள்ள ஒரு நாளை வைத்துப் பறந்து பாருங்கள். செக்கனுக்கு 30 படம் ஒழுங்காக வந்தால் போதும். சண்டைக் கேம் இல்லை இது, 144 ஹேர்ட்ஸ் என்று கடைக்காரர் சொல்லும் கதைக்கு மயங்கவேண்டாம். டெவலப்பர் மோட் என்பதைத் திறந்தால் கணினி எதனால் திணறுகிறது என்பதையும் அது காட்டும். மெயின் திரெட் என்று வந்தால் பிரச்சினை புரொசசரில், கார்டில் இல்லை. அப்படியானால் பிக்சலைக் கூட்டினாலும் வேகம் பெரிதாக விழாது. என் கணினியில் அதுதான் நடந்தது.

கார்ட் தாங்காவிட்டால், 1440பி மொனிட்டரில் ஸ்கேலிங்கை 75 வீதத்துக்குக் குறைத்தால் பழைய 1080பி சுமைக்கே திரும்பலாம். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எப்எஸ்ஆர் போன்ற உத்திகளும் உண்டு. மலையும் முகிலும் அவற்றில் நன்றாகவே இருக்கும். ஆனால் மின்திரைக் கருவிகளில் மாறிக்கொண்டிருக்கும் இலக்கங்களுக்குப் பின்னால் நிழல் இழுபடும். எங்களுக்குத் தேவையே அந்த இலக்கங்கள்தான் என்பதால் நான் அதைப் பாவிக்கவில்லை.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: மொனிட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தரையின் படம் நல்லதாகிவிடாது. இந்தச் சிமியுலேட்டர் பிங் வரைபடத்தின் வான்படங்களை இணையம் வழியாக இறக்கித் தரையில் விரிக்கிறது. கட்டடம் கட்டடமாக முப்பரிமாணத்தில் உருவாக்கப்பட்ட நகரங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யப்பானிலும்தான் அதிகம். எங்கள் பக்கத்தில் நிலத்தின் நிறமும் வீதியும் உண்மையானவை, வீடுகள் பெரும்பாலும் கணினி தானாக நட்டவை. வான்படத்தில் இல்லாத ஒன்றை 4கே கொண்டுவராது. ஊர் பார்க்கவென்று மட்டும் மொனிட்டர் மாற்ற நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். கருவியை வாசிக்க, தூரத்து ஓடுபாதையை நேரத்தோடு அடையாளம் காண, மலை விளிம்பைப் பார்க்க அது உதவும்.

மலை விளிம்பு என்பதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் ஹந்தானையும் நக்கிள்சும். பறப்பதற்கு அழகான இடம், ஏமாற்றும் இடமும்கூட. 1974 டிசம்பர் 4இல் மக்காவுக்குப் போகும் இந்தோனேசிய யாத்திரிகர்களோடு கொழும்புக்கு வந்துகொண்டிருந்த மார்ட்டின்எயர் டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்தகன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். இரவில் அந்தப் பக்கம் சிமியுலேட்டரில் பறக்கும்போதுகூட எனக்கு உயரக் கருவியிலிருந்து கண் விலகாது.

இன்னொரு வழியும் உண்டு. 43 அங்குல 4கே தொலைக்காட்சி. இதன் ஒரு புள்ளியின் அகலம் என் பழைய மொனிட்டரின் அதே 0.248 மில்லிமீற்றர். அதாவது 21.5 அங்குல மொனிட்டர் நான்கை இடைவெளியின்றி அடுக்கியது போல. நல்ல 4கே மொனிட்டரைவிடப் பல வேளைகளில் மலிவு. ஆனால் கேம் மோட் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கை அசைத்துச் சற்றுப் பிந்தித்தான் விமானம் திரும்பும். எழுத்தின் ஓரங்களில் நிறம் கசிகிறதா என்றும் பாருங்கள். சிவப்புப் பின்னணியில் நீல எழுத்தைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் மேசையின் ஆழம் 60 சென்ரிமீற்றர். அதில் 43 அங்குலத்தை வைத்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்கவேண்டும். சுவரில் மாட்டலாம் என்றால் வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்கு வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும். விட்டுவிட்டேன்.

கண்டியில் பேராதனை வீதிப் பக்கமும் நகரத்துக்குள்ளும் கணினிக் கடைகள் இருக்கின்றன. கூடுதலான தெரிவு வேண்டும் என்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாதான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதும், 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் இந்தப் பொருட்களின் விலையில் இன்றும் தெரிகிறது. எனவே ஒன்றுக்கு மூன்று கடையில் விலை கேளுங்கள். போகும்போது உங்கள் சிமியுலேட்டரில் எடுத்த விமானியறைப் படம் ஒன்றை 1440பி அளவிலேயே பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடையில் ஓடும் பூவும் கிளியும் எந்த மொனிட்டரிலும் அழகாகத்தான் இருக்கும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறப் படங்கள் ஐந்தையும் கொண்டுபோனால் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு கடையில் எனக்கு இதைச் செய்ய விடவில்லை, பெட்டியை உடைத்தால் எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தட்டை வகைகளில் ஐபிஎஸ் எடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்ப்பதானால் அதுதான் நிறம் மாறாமல் இருக்கும். கேபிள் விடயத்திலும் ஏமாறவேண்டாம்: பழைய எச்டிஎம்ஐ 1.4இல் 4கே செக்கனுக்கு 30 படம்தான் வரும், 60 வேண்டும் என்றால் 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் வேண்டும். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். பஸ்ஸில் கொண்டுவருவதானால் பெட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே பிடியுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேர இடி எப்படி என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் பிளக்கைக் கழற்றிவிடுவதே நல்ல காப்பு.

கடைசியாக ஒன்று. வாங்கும் முன் அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். அவருடைய வாசிப்புக் கண்ணாடி 40 சென்ரிமீற்றரில் பத்திரிகை பார்ப்பதற்கானது. 70 சென்ரிமீற்றரில் இருக்கும் திரைக்கு அது பொருந்தாது, இடைத்தூரத்துக்கு வேறு வில்லை வேண்டும். அந்தக் கண்ணாடியைப் போட்டதும் பழைய மொனிட்டரிலேயே பாதி இலக்கங்களை வாசித்தார். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் மொனிட்டருக்கு முன் இதைச் செய்யுங்கள். செலவும் குறைவு.

கடைசியில் எடுத்தது 27 அங்குல 1440பி. எழுத்து வேலைக்கும் அது நல்லதாய்ப் போயிற்று. தமிழ் எழுத்தின் வளைவும் புள்ளியும் இப்போது தனித்தனியாகத் தெரிகின்றன. சிறிய எழுத்தில் "ண"வுக்கும் "ன"வுக்கும் குழம்புவதில்லை.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டால் குசினியிலிருந்து, "அதை நிப்பாட்டு" என்பார். எங்கள் ஆட்களுக்குப் பிளேன் என்றால் சியாமாசெட்டி, பொம்பர், 1996க்குப் பிறகு கிபிர். சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும். இப்போது ஹெட்போன் போட்டுத்தான் பறக்கிறேன். ஒரு ஹெட்போனை இரண்டு பேருக்குப் பிரிக்கும் வயர் ஒன்றையும் வாங்கினேன்.

புதிய மொனிட்டரில் முதல் பறப்பு கட்டுநாயக்காவிலிருந்து. செஸ்னாவுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். மன்னாரைத் தாண்டி இரணைதீவுப் பக்கம் வரும்போது அப்பா, 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டு இந்தக் கடலுக்குள் விழுத்தப்பட்ட லயன் எயரைப் பற்றிச் சொன்னார். 55 பேர், பயணிகள் எல்லாம் எங்கள் சனம். பிறகு, சின்ன வயதில் எயார் சிலோன் விமானம் இறங்குவதை வேலியடியில் நின்று பார்த்ததைச் சொன்னார். அந்தக் கொம்பனியின் முதல் பறப்பு, 1947 டிசம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனது, காங்கேசன்துறையில் இறங்கித்தான் போனதாம்.

பலாலி ஓடுபாதையைத் தூரத்திலேயே அவர்தான் முதலில் கண்டார். இறங்கவேண்டாம், கரையோரமாகப் போ என்றார். 1,000 அடியில், கீழே எல்லாம் பச்சையும் மண்ணிறமுமாகக் கலங்கித்தான் இருந்தது. சீமெந்து ஆலை எங்கே என்று தேடினார். பிறகு விரலால் திரையைத் தொட்டு, "இதிலை திருப்பு, இடப்பக்கம். மெதுவா" என்றார்.