தகப்பன் உரிமையும் தாலிக் கயிறும்



சிங்கப்பூரில் நம்மவர்கள் தேக்கா என்று அழைக்கும் இடத்திற்கு அருகே, புக்கிட் தீமா சாலையில், பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. எருமைத் தொழுவம் என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். அவ்வட்டாரத்தில் முன்னாளில் நடந்த மாட்டுத் தொழிலால் வந்த பெயர் அது. 1924ஆம் ஆண்டில் அது பிள்ளைப்பேற்று மருத்துவமனை ஆயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. இன்று நாம் பேசப்போகும் வரலாற்றை அந்த வாசலிலிருந்தே தொடங்குவோம்.

1930ஆம் ஆண்டளவில் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்த ஓர் அண்ணன் தம்பியைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் சிங்கப்பூரில் கூலி வேலை செய்கிறார். தம்பி பாலத்துக்கு அப்பால் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார். இருவரும் ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் முறையாகத் திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்குக் கண்டாங் கெர்பாவில் ஒரு பிள்ளை. தம்பிக்குத் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளை. இரண்டும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல.

ஏன்? சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1867 ஏப்ரல் 1 முதல் பிரிட்டிஷ் முடியின் நேரடிக் குடியேற்ற நாடாக இருந்தன. அந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பெற்றோர் மணமானவரா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல், பிரிட்டிஷ் பிரஜை ஆயிற்று. ஜொகூரோ சுல்தானின் நாடு. அதற்குப் பிரிட்டிஷ் பாதுகாப்பு மட்டுமே உண்டு. அங்கே பிறந்த பிள்ளைக்கு மண் அந்த உரிமையைத் தரவில்லை. தகப்பன் வழியாகத்தான் வரவேண்டும். 1914ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை வெளியூரில் பெற்ற பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. தஞ்சாவூரில் பிறந்தவர் அத்தகைய பிரஜையே. ஆனால் அடுத்த ஊரான புதுக்கோட்டையில் பிறந்தவர் அப்படியல்லர். புதுக்கோட்டை தனி மன்னரின் சமஸ்தானமாக இருந்ததே காரணம்.

இங்கேதான் திருமணம் குறுக்கே வருகிறது. மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை யாருக்கும் பிள்ளையல்ல என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. தோளில் தூக்கிச் சுமந்தவரே ஆனாலும், சட்டப்படி அவர் தகப்பன் அல்லர். தாயோ தன் பிரஜாவுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க இயலாது. அந்த வழி ஆண்களுக்கே உரியதாக இருந்தது. ஆகவே தம்பியின் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபட்டது.

நம் தோட்டங்களில் இது சின்ன விஷயமன்று. கங்காணி அழைத்துவந்த கூட்டத்தில் ஆண்களே மிகுதி, பெண்கள் குறைவு. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்கள் சடங்கு ஏதுமின்றிச் சேர்ந்து வாழ்ந்ததுண்டு. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவர்களும் உண்டு. இந்து வழக்கப்படி நடந்த திருமணம் செல்லும் என்றாலும், அதற்குப் பத்திரம் ஏது? கண்ட சாட்சிகள் ஊர் திரும்பியோ இறந்தோ போன பிறகு, நடந்த திருமணமும் நடக்காத திருமணமும் அதிகாரியின் மேசையில் ஒன்றுபோலவே தோன்றின.

1949 ஜனவரி 1இல் புதிய பிரிட்டிஷ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 'ஐக்கிய இராச்சியம் மற்றும் குடியேற்ற நாடுகளின் குடிமகன்' என்ற நீண்ட பெயரை அது தந்தது. ஆனால், பிள்ளை என்றால் முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை என்றே அச்சட்டத்தின் 32ஆம் பிரிவு பொருள் கூறியது. பெற்றோர் பிறகு மணந்துகொண்டு, அதனால் பிள்ளை சட்டப்படி முறைப்படுத்தப்பட்டால் மட்டும் வழி திறந்தது.

1957இல் சிங்கப்பூர் தனக்கெனக் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆயினர். மற்றவர்கள் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்போது தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் தயங்காமல் பதிந்துகொள்ள வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். இந்த மண்ணில் உழைத்தவன் காகிதம் இல்லாமல் அந்நியனாகிவிடக் கூடாது என்பதே அதன் சாரம்.

1963 செப்டம்பர் 16இல் சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்தது. அன்று முதல் சிங்கப்பூரில் பிறப்பதால் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைப்பது நின்றது. ஆனால் பிரிட்டிஷ் படைகள் 1971 வரை செம்பவாங் முதலிய இடங்களில் பெருமளவில் தங்கியிருந்தன. அந்த இடைக்காலத்தில், பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் மணமாகாத உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைக்கு, தகப்பனின் நாட்டில் உரிமை இல்லாது போயிற்று. ஜொகூர்த் தோட்டத்துப் பிள்ளையைத் தடுத்த அதே விதி, இப்போது வெள்ளைக்காரர் பிள்ளையையும் தடுத்தது.

மாற்றம் மெல்லத்தான் வந்தது. 1983 ஜனவரி 1 முதல் தாயும் குடியுரிமையைத் தரலாம் என்றாயிற்று. மணமாகாத தகப்பன் 2006 ஜூலை 1 வரை காத்திருந்தார். அன்று முதல் பிறக்கும் பிள்ளைக்கு, இவர்தான் தகப்பன் என்று ஆதாரம் காட்டினால் போதும். அதற்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள 2015 ஏப்ரலில் வழி திறந்தது. 2016 அக்டோபரில், ஜமாய்க்காவில் பிறந்த ஒருவரின் வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பெற்றோர் மணக்காததற்காகப் பிள்ளையின் உரிமையை மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

ஆனால் விதியை வகுத்தவர் திருத்திக்கொண்டாலும், அதை வாங்கி வைத்துக்கொண்ட வீடுகளில் அது தங்கிவிடுகிறது. சிங்கப்பூர், மலேசியா இரண்டின் அரசியல் சட்டங்களிலும், மணமாகாதவர் பிள்ளையின் குடியுரிமையைப் பற்றி 'தகப்பன்' என்று வரும் இடத்தில் 'தாய்' என்று படிக்க வேண்டும் என்ற விதி எழுதப்பட்டது. மணமான சிங்கப்பூர்த் தாய், வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தர 2004 மே 15 முதல்தான் முடிந்தது. மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் அந்நாட்டில், திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை மலேசியக் குடிமகன் ஆகான் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புக் கூறியது. மூன்று நீதிபதிகள் வேறு விதமாக எண்ணினார்கள் என்பதும் நினைவில் நிற்க வேண்டும்.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? சிங்கப்பூரில் 1961 செப்டம்பர் 15 முதலும், மலேசியாவில் 1982 மார்ச் 1 முதலும், கோயிலில் கட்டும் தாலி மட்டும் போதாது. திருமணம் பதிவாக வேண்டும். தாலி ஊருக்குச் சாட்சி. பதிவுப் பத்திரம் பிள்ளைக்குச் சாட்சி. ஆகவே திருமணத்தைப் பதியுங்கள். பிறப்பையும் உடனே பதியுங்கள். அந்தப் பத்திரங்களைத் தகரப் பெட்டியிலே கறையான் அரிக்காமல் காப்பாற்றுங்கள். தகப்பன் வழி அடைபட்டது என்று முன்பு கேட்டவர்களும், சட்டம் மாறியிருக்கிறதா என்று இன்னொரு முறை விசாரியுங்கள்.

எந்த வீட்டில், எந்த மண்ணில், எந்த நிலையில் பிறப்பது என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை. அதைச் சட்டம் உணர்வதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சில இடங்களில் இன்னும் முழுதாக உணரவில்லை. அதுவரை நம் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் நிற்க வேண்டிய கட்டத்தை வெறுமையாக விடாமல் பார்த்துக்கொள்வது, பெற்றவர்களாகிய நம் பொறுப்பு.