மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின்

டென்மார்க்கில் ஒரு கார் 35 வயதைத் தாண்டினால் அதற்கு 'வெட்டரான்' என்ற மரியாதை கிடைக்கும். எட்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போனால் போதும். எனக்கு இப்போது 36. எனக்கு மட்டும் அப்படி ஒரு சலுகையும் கிடைக்கவில்லை.

கோடை வந்துவிட்டால் யூலண்ட் முழுக்கப் பழைய கார்ச் சந்திப்புகள்தான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். புல்வெளியில் வரிசையாகக் கார்கள், பக்கத்தில் மடக்குக் கதிரைகள், வெந்நீர்ப் போத்தலில் கோப்பி. போன ஆவணியில் சித்தப்பாவை அப்படி ஒரு சந்திப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் யாழ்ப்பாணத்தில் கராச் வைத்திருந்தவர். 1998இல் இங்கே வந்த பிறகு தொழிற்சாலையில் வேலை செய்து, இப்போது ஓய்வில் இருக்கிறார்.

மினுங்குகிற வொல்வோக்களையும் மொறிஸ் மைனர்களையும் பார்த்தபடி நடந்தவர், ஒரு சின்னச் சாம்பல் நிற உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றார். அது ஃபெர்குசன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு டெனிஸ் விவசாயி. "இது எதில் ஓடுகிறது?" என்று சித்தப்பாவுக்காகக் கேட்டேன். "பெத்ரோலியம்" என்றார்.

"பெற்றோலாம் சித்தப்பா" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. இது மண்ணெண்ணெய் மணம்" என்றார் சித்தப்பா.

சித்தப்பா சொன்னதுதான் சரி. டெனிஸ் மொழியில் 'பென்சின்' என்றால்தான் பெற்றோல். 'பெத்ரோலியம்' என்றால் மண்ணெண்ணெய். இந்த நாட்டில் படித்து வளர்ந்த பொறியியலாளன் நான் பிழைவிட்டேன். அவரோ மூக்கால் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் இருவருக்கும் என்னுடைய மொழிபெயர்ப்பு பெரிதாகத் தேவைப்படவில்லை. கையால் காட்டியே கதைத்துக்கொண்டார்கள்.

விவசாயி காட்டியது இதுதான். ஃபெர்குசன் உழவு இயந்திரங்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. டென்மார்க்கில் இன்றைக்கும் அதைச் 'சின்னச் சாம்பலன்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். அதில் ஒரு வகை, விலை குறைந்த மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் முதலில் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, இயந்திரம் சூடானதும் ஒரு திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

சித்தப்பா சிரித்தார். தானும் தன் கராச்சில் அதையேதான் செய்ததாகச் சொல்லச் சொன்னார். ஒரே ஒரு வித்தியாசம். அவருடைய கார் பெற்றோலுக்காக மட்டும் செய்யப்பட்டது.

இதை விளங்கிக்கொள்ள, யாழ்ப்பாணத்தில் ஏன் அவ்வளவு பழைய கார்கள் இருந்தன என்று முதலில் தெரிய வேண்டும். 1950களில் ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன் என்று ஆங்கிலேயக் கார்கள் இலங்கைக்கு நிறைய வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, இருந்த கார்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. எங்கள் அப்பப்பாவிடம் இருந்தது ஒஸ்டின் ஏ-40 சோமசெட். 1952க்கும் 1954க்கும் இடையில் செய்யப்பட்ட வகை. 1200 சிசி இயந்திரம்.

அந்தக் காலத்துக் காரின் நம்பர் பிளேட்டிலும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு இலங்கையின் ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துகளில் இரண்டைச் சேர்த்துத்தான் இலக்கம் கொடுத்தார்கள். 1957 தொடக்கம் புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியது. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகள் மேல் தார் பூசினார்கள். 1958 மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. டென்மார்க்கில் 1976க்கு முந்திய காருக்குப் பழைய முறைப்படி கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்துப் போட்டு அழகு பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தத் தகட்டின் ஓர் எழுத்துக்காகச் சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. களவாக வந்த பெற்றோலை வாங்கக் கட்டுப்படியாகாது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து கிடைத்தது. அப்போது புதிய ஜப்பான் கார்களை விடப் பழைய ஒஸ்டினும் மொறிஸும்தான் கைகொடுத்தன.

காரணம் பொறியியலில் இருக்கிறது. இயந்திரத்துக்குள் எரிபொருளும் காற்றும் அமுக்கப்பட்ட பிறகுதான் தீப்பொறி விழும. அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் ஒழுங்காக எரியாமல் தானாக வெடித்து, இயந்திரத்தை உள்ளே இருந்து அடிக்கும். சோமசெட் போன்ற கார்களில் அமுக்க விகிதம் சுமார் 7தான். அப்போதைய புதிய கார்களில் 9 அளவில் இருந்தது. பழைய கார் மெதுவாக ஓடியது. அமுக்கம் குறைவு என்பதாலேயே மண்ணெண்ணெயைத் தாங்கியது. பற்றரி செத்தாலும் முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றி ஸ்ரார்ட் பண்ணலாம்.

சித்தப்பா ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பாராம். மெல்லிய குழாயால் காபரேற்றருக்குள் சில துளி. ஒருவர் கம்பியைச் சுற்ற, இயந்திரம் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை வீதியை மூடும். பிளக்குகளில் கரி படியும். கழற்றித் தேய்க்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் ஒழுகி இயந்திர ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும், ஆனால் ஒயிலுக்கும் தட்டுப்பாடு. அந்தக் கார்களில்தான் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொம்பிளை மாப்பிள்ளையும் அதில்தான் போனார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் வீடுகளை விட்டு வெளிக்கிட்டார்கள். அப்பம்மாவைப் பின் சீற்றில் படுக்கவைத்து, மேலே அரிசிச் சாக்கைக் கட்டி, சித்தப்பா அந்த ஒஸ்டினை நாவற்குழிப் பக்கம் ஓட்டினார். ஓட்டினார் என்று சொல்ல முடியாது. சனத்துக்கு நடுவே அடி அடியாக விடிய விடிய நகர்த்தினார். கார் சாவகச்சேரி வரை போனது. பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு வன்னிக்குப் போகவேண்டி வந்தது. அதன் கதை அத்தோடு முடிந்தது.

இதே 1990களில்தான் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ல்ஸ் வேர் என்பவர், அவற்றுக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்விக்கும் முயற்சியில் இறங்கினார். பழைய கார்களை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று இலங்கைக்குத் தெரியும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

டென்மார்க்குக்கும் இது புதிதல்ல. 1940 ஏப்ரல் 9இல் ஜெர்மன் படை உள்ளே வந்ததும் இங்கேயும் பெற்றோல் இல்லாமல் போனது. பெரும்பாலான சொந்தக் கார்கள் கொட்டிலுக்குள் நின்றன. ஓடியவற்றில் பலவற்றுக்கு அடுப்புப் போல ஒரு கருவியைப் பூட்டி, பீச் மரத்துண்டுகளை எரித்து வந்த வாயுவில் ஓட்டினார்கள். 1945 மே மாதம் விடுதலை வரும்வரை அப்படித்தான். டெனிஸ்காரர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள், படங்களைச் சேர்த்து வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பழைய கார்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா. அது ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், ஒரு வாகனம் வாழ்ந்த காலத்தின் தடயங்களும் அதன் வரலாறுதான் என்கிறது. எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதுபோல் பூசுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. அந்தக் கணக்கில் பார்த்தால், கரி படிந்த பிளக்கும் மருந்துப் போத்தலும் சேர்ந்ததுதான் அந்த ஒஸ்டின்.

ஆனால் அந்தக் கார் இல்லை. இருப்பது சித்தப்பா மட்டும். அவருக்கு 68 வயது. அன்று வீட்டுக்கு வந்ததும், அந்தப் போத்தலும் குழாயும் எப்படிப் பூட்டப்பட்டன என்று ஒரு தாளில் கீறித் தரச் சொன்னேன். "உதை எல்லாம் ஏனடா இப்ப?" என்று கேட்டுக்கொண்டே கீறினார். இரண்டு இடத்தில் அழித்துத் திருத்தினார். குழாயின் தடிப்பைக்கூட எழுதினார். திகதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னேன். அதற்குத்தான் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

உங்கள் வீட்டிலும் அந்த ஐந்து வருடத்தை அங்கே கழித்த ஒருவர் இருப்பார். மாமாவாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம். அடுத்தமுறை காருக்குப் பெற்றோல் அடிக்கும்போது, அப்போது எதில் ஓடினீர்கள், எப்படி ஸ்ரார்ட் பண்ணினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போனில் பதிவுசெய்யுங்கள். தமிழில் விளங்காத சொல் வந்தால் வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள். நானும் 'பெத்ரோலியம்' என்ற ஒரு சொல்லில் பிழைவிட்டவன்தானே.