பெட்டியோடு இருந்தால் விலை வேறு

ஒரு மனிதக்குரங்குக் குட்டி. அதன் தகப்பனை ஒருவன் கூட்டில் அடைத்து வைத்திருக்கிறான். கீழ்த்தட்டில் கடிக்க வரும் பொறிகள், குறுக்கே பறவைகள். குட்டி அவற்றுக்கு மேலால் பாய்ந்து, கொடியில் தொங்கி, மேல்தட்டுக்கு ஏறி, ஆடிக்கொண்டிருக்கும் சாவியை எட்டிப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கூட்டின் ஒரு பகுதி திறக்கும். நாலு முறை பிடித்தால் தகப்பன் வெளியே வருவார். பிறகு திரும்பவும் முதலில் இருந்து. அடைத்து வைத்திருப்பவன் யார் எண்டு கேட்டால், எங்கள் எல்லாருக்கும் தெரிந்த மாரியோதான். இந்தக் கதையில் அவன் வில்லன்.

இது 'டொங்கி கொங் ஜூனியர்'. 1982இல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பனி வெளியிட்ட கையடக்க வீடியோ கேம். உள்ளங்கையில் அடங்கும். இன்றைக்கு இது சேகரிப்பாளர்களின் பொருள். பெட்டி இல்லாமல், கீறலோடு இருந்தால் ஒரு விலை. பெட்டி, கையேடு, பின்பக்கத்துப் பற்றரி மூடி எல்லாம் சரியாக இருந்தால் அதைவிடப் பல மடங்கு. விளையாட்டு இரண்டிலும் ஒன்றுதான். அப்படியென்றால் அந்த மேலதிகக் காசு எதற்கு? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது.

நிண்டெண்டோ 1889இல் கியோட்டோ நகரில் 'ஹனஃபுடா' என்ற சீட்டுக்கட்டுத் தயாரிக்கத் தொடங்கிய கம்பனி. 1965இல் குன்பெய் யொகோய் என்ற இளைஞர், அந்தச் சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அவரே கம்பனிக்கு விளையாட்டுப் பொருட்களை உருவாக்குபவர் ஆனார். ஒருநாள் ஷின்கான்சென் ரயிலில், களைத்துப்போன ஒரு மனிதர் கல்குலேட்டரின் பட்டன்களைச் சும்மா அமத்தி அமத்திப் பொழுதுபோக்கிக்கொண்டு இருந்ததை அவர் கண்டார். பெரியவர்களும் வெட்கப்படாமல் கையுக்குள் மறைத்து வைத்து விளையாடக்கூடிய ஒன்றைச் செய்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் வந்ததாக யொகோய் பின்னாளில் சொன்னார்.

அந்த யோசனைக்குக் காலமும் சரியாக அமைந்தது. 1970களில் ஷார்ப், கசியோ போன்ற கம்பனிகள் கல்குலேட்டர் சந்தையில் ஒன்றையொன்று வெட்டி விலையைக் கீழே கொண்டுவந்திருந்தன. அந்தப் போட்டியில் எல்சிடி திரைகளும் சின்ன சிப்புகளும் மலிந்துபோயின. யொகோயின் கொள்கையே இதுதான்: புத்தம்புதுத் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் ஓடவேண்டாம், எல்லாருக்கும் பழகி, மலிந்து, 'வாடிப்போன' தொழில்நுட்பத்தை எடுத்து, அதை யாரும் பயன்படுத்தாத இடத்தில் பயன்படுத்து. திரைகளை ஷார்ப் கொடுத்தது. 1980 ஏப்ரலில் 'போல்' என்ற முதல் கேம் வந்தது. விளையாடாத நேரத்தில் மணி காட்டும் என்பதால் அந்த வரிசைக்கே 'கேம் அண்ட் வொட்ச்' என்று பெயர். 1991 வரைக்கும் உலகம் முழுக்க 43.4 மில்லியன் கருவிகள் விற்பனையாகின.

டொங்கி கொங் இந்த வரிசைக்கு வந்தபோது ஒரு சிக்கல். முதல் வந்த கேம்களுக்கு இடம், வலம் என்று இரண்டு மூன்று பட்டன் போதும். இதில் ஏறவேண்டும், இறங்கவேண்டும், பாயவேண்டும். பெரிய ஆர்கேட் இயந்திரத்தில் இருக்கும் நெம்புகோலை, மடித்துப் பொக்கற்றுக்குள் வைக்கிற ஒன்றில் பொருத்த முடியாது. யொகோய் கூட்டல் குறி வடிவத்தில் தட்டையான ஒரு பட்டனைச் செய்தார். 1982இல் இரண்டு திரையோடு வந்த 'டொங்கி கொங்' கேமில் அது முதலில் வந்தது. அதே வருசம் ஜூனியரிலும் வந்தது. இன்றைக்கு நாங்கள் பிடிக்கிற கேம் கன்ட்ரோலர்களில் இடது பெருவிரலுக்குக் கீழே இருப்பது அந்தப் பட்டனின் வழிவந்ததுதான்.

இனி விலைக்கு வருவோம். ஒரு பொருள் அரிதாவதற்கு இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, குறைவாகச் செய்வது. 1987இல் ஜப்பானில் நடந்த ஒரு கேம் போட்டிக்குப் பரிசாக, மஞ்சள் நிறத்தில் ஒரு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேம் அண்ட் வொட்ச் கொடுத்தார்கள். செய்தது 10,000 மட்டும். கடைக்கே வராத அதுக்கு விலை கூட என்பது விளங்குகிறது.

ஜூனியர் அந்த வகை இல்லை. அது கடைக்கு வந்து தாராளமாக விற்ற பொருள். அது அரிதானது இரண்டாவது வழியில்: நிறையச் செய்தார்கள், ஆனால் நல்லபடியாகத் தப்பியது குறைவு. உள்ளே மறந்து விடப்பட்ட சின்னப் பட்டன் பற்றரி வருசக்கணக்கில் இருந்து கசிந்து, தொடுமுனைகளை அரித்துவிடும். திரைக்கு மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் தாள் வெயிலிலும் சூட்டிலும் பழுதாகி, உருவங்கள் மங்கும். பற்றரி மூடி கழன்று தொலையும். பெட்டியைச் சிறுவர்கள் முதல் நாளே கிழித்து எறிவார்கள். உள்ளே இருக்கும் ரெஜிபோம் தட்டு உடையும். இவ்வளவும் நடக்காமல் தப்பிய ஒன்றுக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுக்கிறார்.

விளையாடுவதற்கு இந்தக் கருவி வேணுமென்றே இல்லை. 1998இல் சாவிக்கொத்து அளவில் இதே ஜூனியர் திரும்ப வந்தது. 1999இல் கேம் போய் கலருக்கு வந்த தொகுப்பு ஒன்றிலும் சேர்க்கப்பட்டது. ஆனபடியால் சந்தை விலை போடுவது விளையாட்டுக்கு இல்லை.

இதை 2021 ஜூலையில் தெளிவாகப் பார்த்தோம். முத்திரை உடைக்காத 'சூப்பர் மாரியோ 64' பிரதி ஒன்று அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 1.56 மில்லியன் டொலருக்குப் போனது. அந்தக் கேம் ஒரு கோடிக்கும் மேல் விற்பனையானது. கேம் அரிதில்லை, ஒருத்தரும் திறக்காத பெட்டிதான் அரிது. வாங்கியவரும் அதைத் திறக்கமாட்டார். திறந்தால் விலை போய்விடும்.

வரலாறு படிக்கிற ஆட்களுக்கு இது கொஞ்சம் உறுத்தவேண்டும். பற்றரி மூடிக்கு உட்பக்கம் ஒரு சிறுவன் தன் பெயரைக் கீறி வைத்திருந்தால், அது எங்களுக்குச் சான்று. யார் வைத்திருந்தார்கள், எந்தப் பட்டன் கூடத் தேய்ந்திருக்கிறது, எத்தனை கைமாறியது என்றெல்லாம் அதில் வாசிக்கலாம். சேகரிப்பாளரின் கணக்கில் அதே கீறல் ஒரு குறை, விலையில் கழிக்கவேண்டிய ஒன்று.

நாங்கள் இன்னொன்றையும் யோசித்தோம். ஒரு கடதாசிப் பெட்டி நாற்பது வருசம் மூலை மடங்காமல் இருக்க என்ன வேணும்? ஒரே வீடு, ஒரே அலுமாரி, ஒழுகாத கூரை, அவசரமாக விட்டு ஓடவேண்டி வராத ஒரு வாழ்க்கை. பெட்டியோடு இருக்கும் ஜூனியருக்குக் கொடுக்கிற மேலதிகக் காசு, உண்மையில் குழப்பப்படாத ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற காசு.

எங்கட பக்கம் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதை எங்கட அம்மா அப்பா தலைமுறையில் கனபேரிடம் இருக்கிறது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனது அரிசியும் உடுப்பும் பிள்ளைகளும். விளையாட்டுப் பொருளின் வெறும் பெட்டியை யாரும் கட்டவில்லை. வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ரேடியோ, கசற், கமெரா, பொம்மை என்று எத்தனையோ அப்படித்தான் போயின. ஏலச் சந்தையின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்களிடம் மிஞ்சியிருப்பதில் பெரும்பாலானவை 'பழுது'.

அந்த அளவுகோலை நாங்கள் ஏன் அப்படியே எடுக்கவேண்டும்? சேகரிப்பாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்தக் கருவி எந்த வருசம், எந்தத் திரை எப்படிப் பழுதாகும், எதைத் திருத்தலாம் என்பதையெல்லாம் பதிந்து வைத்தது பெரும்பாலும் அவர்கள்தான். அந்தப் பொறுமை எங்களுக்கும் தேவை. அவர்களின் விலைப்பட்டியல்தான் தேவையில்லை.

வீட்டில் பழைய கையடக்கக் கேம் ஒன்று கிடந்தால், அது நிண்டெண்டோவாக இருந்தாலும் சந்தையில் வாங்கின பேரில்லாத ஒன்றாக இருந்தாலும், முதல் வேலையாகப் பற்றரியைக் கழற்றுங்கள். கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடவேண்டாம். பிறகு வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்: இதை யார் வாங்கினது, எங்கே இருந்து வந்தது, யார் யார் சண்டை பிடித்து விளையாடினது, இது எப்படித் தப்பினது. சொல்வதை ஒரு கடதாசியில் எழுதி, திகதி போட்டு, அதோடேயே வையுங்கள். ஏலத்தில் அந்தக் கடதாசிக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள். ஆனால் உங்களுக்குப் பிறகு அதைக் கையில் எடுக்கிற ஆள் முதலில் வாசிக்கப் போவது அதைத்தான்.