பேறுகாலமும் தொற்றுநோயும்: வன்னிச் சமூக வரலாற்றில் ஒரு நோக்கு

வன்னியின் வரலாற்றை எழுதியோர் குளங்களையும் வன்னிமைகளையும் பண்டாரவன்னியனின் எதிர்ப்பையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். ஆயின், ஒரு பிரதேசத்தின் குடித்தொகை பெருகுவதும் குன்றுவதும் தாய்மாரின் உயிரோடு பிணைந்தவை. 2020இல் இலங்கையிற் பரவத் தொடங்கிய கொவிட்-19, கர்ப்பிணிகளுக்குத் தொற்றுநோயால் நேரும் தனியான ஆபத்தை மீண்டும் உணர்த்தியது. வன்னிக்கு அவ்வாபத்துப் புதியதன்று. அங்கு அதன் பழைய பெயர் மலேரியா.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய நிருவாகிகள் வன்னிக் கிராமங்கள் அருகிவருவதையும், காய்ச்சலும் பறங்கி நோயும் மக்களை வாட்டுவதையும் குறித்துவைத்தனர். மலேரியா நிலைகொண்ட பகுதியில் வளர்ந்தோர் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெறுவர். கர்ப்பம், சிறப்பாக முதற் கர்ப்பம், அச்சக்தியைத் தளர்த்துகிறது. நோய்க்கிருமி நச்சுக்கொடியில் தங்கிப் பெருக, தாயின் குருதிச்சோகை முற்றுகிறது. பிறர் தாங்கிக்கொள்ளக்கூடிய குருதிப்போக்கு அவளது உயிரைப் பறிக்கிறது. பதிவேட்டில் அது பேற்றுமரணம் எனப்படும். அதற்கு வழிகோலிய காய்ச்சல் அங்கு மறைந்துவிடும்.

1946இல் இலங்கையில் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 15 தாய்மார் இறந்தனர். 1950இல் இத்தொகை 6இற்கும் குறைந்தது. டீ.டீ.ரீ. தெளித்தல் நாடளாவி விரிவடைந்த காலமும் இதுவே. ஆயினும், பெனிசிலின், குருதியேற்றல், பயிற்சிபெற்ற மருத்துவமாதர், இலவச வைத்தியசாலைகள் ஆகியனவும் அக்காலத்தே பரவின. எனவே பொதுவான மரணவீத வீழ்ச்சியின் காரணம் பற்றி அறிஞரிடையே விவாதம் எழுந்தது. 1965இல் பீற்றர் நியூமன் அவ்வீழ்ச்சியில் 40 வீதத்துக்கு மேற்பட்ட பங்கை மலேரியா ஒழிப்புக்கு அளித்தார், 1974இல் ஆர். எச். கிறே அதனை ஏறத்தாழ 23 வீதமாகக் குறைத்தார். எஸ். ஏ. மீகம சுகாதார சேவைகளின் விரிவையே வலியுறுத்தினார்.

இவ்விவாதம் நாடு முழுவதற்குமான சராசரிகளைப் பெரிதும் சார்ந்தது. சராசரி வேறு, வன்னி வேறு என்பதே எமது கருத்தாகும். மலேரியா நிலைகொண்ட, வைத்தியசாலை தொலைவிலிருந்த உலர்வலயக் கிராமத்தில் நுளம்பை ஒழித்தமை தாய்க்கு நேரடிப் பாதுகாப்பாயிற்று. இரணைமடுக் குளத்தை நம்பியெழுந்த கிளிநொச்சிக் குடியேற்றங்கள் நிலைத்தமைக்கு நீர்ப்பாசனத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. காணி கிடைத்தாலும் தாய் பிழைக்காத இடத்திற் குடும்பம் வேரூன்றுவதில்லை.

பெற்ற வெற்றி தானாக நிலைப்பதுமில்லை. 1963இல் நாட்டில் 17 மலேரியா நோயாளரே பதிவாகினர். கண்காணிப்புத் தளர்ந்தபின், 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் வந்த போர் வன்னியின் சுகாதார அமைப்பைச் சிதைத்தது. 2009இன் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணைகளுக்கு இலக்காயிற்று. இவ்வளவுக்கும் பின்னர், 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்டது.

கொவிட் பரவியபோது, கர்ப்பத்தின் பிற்பகுதியில் தொற்றுக் கடுமையாவதும் குறைமாதப் பேறு மிகுவதும் அறியப்பட்டன. 2021 யூனில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி ஏற்றல் தொடங்கியது. ஆயினும் அவ்வாண்டில் நாட்டின் தாய்மரண வீதம் உயர்ந்தது. கிருமி வேறாயினும் பழைய வினாக்களே மீண்டும் எழுந்தன: குருதிச்சோகையுள்ள பெண் யார்? வைத்தியசாலைக்கு அவளை யார் கொண்டுசேர்ப்பர்? பாதுகாப்பு அவளை எப்போது சென்றடையும்?

இவ்வினாக்களை மருத்துவருக்கு மட்டும் விட்டுவிடுதல் தகாது. வன்னியின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைக் கிராமவாரியாக ஒப்புநோக்குதலும், முதிய மருத்துவமாதரின் நினைவுகளைத் தொகுத்தலும் வரலாற்று மாணவரின் உடனடிப் பணிகளாகும். போரில் எத்தனையோ ஆவணங்களை இழந்த ஒரு பிரதேசத்தில், எஞ்சியிருக்கும் முதியோரின் நினைவுகளுக்கும் காலம் குறைவு.