மெனுப் படங்கள் மறைந்தது எப்போது? ஒரு நிரல்துண்டின் பாடபேதங்களை முன்வைத்து

2004 மார்ச்சில் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் டேவ் ஷே எழுதிய கட்டுரை, சிஎஸ்எஸ் ஸ்ப்ரைட் முறையானது படங்களைத் துண்டு போட்டு அடுக்கும் வழக்கத்துக்கு 'மரண முத்தம்' என்று தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. படப் பொத்தான்களால் ஆன மெனுவுக்கும் அந்த ஆண்டையே முடிவாகக் கொள்ளும் வாசிப்பு அதிலிருந்து கிளைத்தது. அவ்வாசிப்பு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஷே சொல்வதை முதலில் நியாயமாக எடுத்துவைப்போம். செக் நாட்டின் பெட்ர் ஸ்டானிசெக் முன்பே காட்டியிருந்த உத்தியை அவர் விரித்தெடுத்தார். பொத்தானின் இயல்பு நிலை, மவுஸ் மேலே வரும் நிலை, அழுத்திய நிலை எல்லாம் ஒரே படக் கோப்பில் இருக்கும். மெனு வெறும் எச்டிஎம்எல் பட்டியல். மவுஸ் வரும்போது பின்னணிப் படம் நகர்ந்து வேறு பகுதியைக் காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை, படங்களை முன்கூட்டி ஏற்றிவைக்க வேண்டியதில்லை, சர்வருக்குப் போகும் கோரிக்கைகளும் குறையும். இவை அத்தனையும் உண்மை.

ஆனால் ஒழிந்தது துண்டாக்கல்தான், படம் அல்ல. எழுத்து அப்போதும் படத்துக்குள்தான் அடைபட்டிருந்தது. மெனுவில் ஒரு சொல்லைத் திருத்த மறுபடி ஃபோட்டோஷாப்பையோ ஃபயர்வொர்க்ஸையோ திறந்தாக வேண்டும். காட்சிக் கோளாறு என்ற கோணத்தில் பார்த்தால் ஒரு பின்னடைவுகூட உண்டு. பழைய முறையில் ஒரு ஜிஃப் வராவிட்டால் ஒரு பொத்தான் மட்டும் உடைந்து, அதன் இடத்தில் மாற்று உரையாவது தெரியும். ஸ்ப்ரைட்டில் அந்த ஒரே கோப்பு வராவிட்டால் மெனு முழுவதுமே போகும். இணைப்புச் சொற்களைத் திரைக்கு வெளியே தள்ளியிருந்தால் அவையும் கண்ணில் படா.

இதைவிடப் பெரிய சிக்கல், சிஎஸ்எஸ்ஸைக் கையால் எழுதுபவரையே ஷே மனத்தில் வைத்திருந்தது. அன்று தளம் அமைத்தவர்களில் பெரும்பகுதியினர் நிரல் எழுதவில்லை. மென்பொருள் எழுதித் தந்ததை ஏற்றினார்கள். ஃபிரன்ட்பேஜில் தீம் ஒன்றைத் தேர்ந்தால் மெனுப் பொத்தான்களை அதுவே வரைந்து '_டிரைவ்டு' என்ற கோப்புறையில் போடும். அடிக்கோட்டில் தொடங்கும் அத்தகைய கோப்புறைகள் வழக்கமான பட்டியலில் கண்ணில் படாமல் மறைந்திருக்கும். எஃப்டிபி வழியாகத் தெரிந்த கோப்புகளை மட்டும் ஏற்றியவருக்குத் தன் கணினியில் ஒழுங்காக வந்த மெனு, சர்வரில் சிவப்புக் குறுக்குக் குறிகளாக நின்றது. டிரீம்வீவரில் நோய் வேறு. பக்கத்தைச் சேமிக்கும் முன் படத்தைச் செருகினால் முகவரி 'சி' டிரைவைச் சுட்டும். விண்டோஸ் பொருட்படுத்தாத பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை யூனிக்ஸ் சர்வர் மன்னிக்காது. எந்த மென்பொருள் என்ற தேர்வு, மெனுப் படம் எங்கே கிடக்கும், எப்படிக் காணாமற்போகும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்தது.

டிரீம்வீவர் பக்கங்களில் ஒரு நல்ல சான்று எஞ்சியிருக்கிறது. மவுஸ் வரும்போது மெனுப் படத்தை மாற்ற அது செருகும் உருட்டுநிரலில் 'எம்எம்_ஃபைண்ட்ஆப்ஜ்' என்றொரு செயற்கூறு வரும். அதன் தலைவரியில் பதிப்பு முத்திரை உண்டு. மூன்று பாடங்களை இங்கே ஒப்பிடுகிறேன். 'வி3.0' பாடம் பொருளைப் பெயரால் தேடும். பிறகு படிவங்களிலும் நெட்ஸ்கேப் 4-இன் அடுக்குகளிலும் தேடி நின்றுவிடும். 'வி4.0' பாடத்தில் இறுதியில் ஒரு வரி கூடுகிறது: ஐடியைக் கொண்டு 'டாக்குமென்ட்'டில் தேடு. 2000 நவம்பரில் வந்த நெட்ஸ்கேப் 6 பழைய அடுக்குகளைக் கைவிட்டது. கூடிய வரியின் காரணம் அதுவே. 'வி4.01' பாடத்தில் அதே வரியில் 'டாக்குமென்ட்' போய் 'டி' என்ற ஓரெழுத்து நிற்கிறது.

அந்த ஓரெழுத்து அற்பமானதல்ல. தேட வேண்டிய பொருள் வேறு ஃபிரேமில் இருந்தால், செயற்கூறு 'டி'யை அந்த ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளும். வி4.0 பாடமோ கடைசி வரியில் மறுபடி சொந்தப் பக்கத்திலேயே தேடும். பெயர் வைத்த படத்தை முந்தைய வரியே பிடித்துவிடுவதால் எளிய பொத்தான்கள் தப்பின. ஐடி மட்டும் கொண்ட அடுக்குகளே, குறிப்பாக விரியும் மெனுக்களே, இதில் அகப்பட்டிருக்க வேண்டும். திருத்தம் அவற்றுக்காகவே வந்தது என்பது என் ஊகம். நிரலில் அப்படிச் சொல்லும் குறிப்பேதும் இல்லை.

இம்முத்திரை செயற்கூறு கடைசியாகத் திருத்தப்பட்ட பதிப்பைத்தான் சொல்லும், பக்கம் எழுதப்பட்ட ஆண்டை அல்ல. 'வி4.01' கொண்ட பக்கம் அந்தத் திருத்தத்துக்கு முந்தியதல்ல, அவ்வளவே. 2005 டிசம்பரில், டிரீம்வீவரை உருவாக்கிய மேக்ரோமீடியாவை அடோபி வாங்கிய பிறகு வந்த கிரியேட்டிவ் சூட் பதிப்புகளும் இதே நிரலை இதே முத்திரையோடு செருகின. மரணம் அறிவிக்கப்பட்ட முறையைக் கருவி தொடர்ந்து பிறப்பித்துக்கொண்டிருந்தது. பயன்பாட்டின் அளவை இது காட்டாது என்பது சரியே. ஆயினும் 2004-ஐ எல்லையாகக் கொள்வதற்கு இது உறுதியான தடை.

அப்படியானால் படம் விலகியது எதனால்? எழுத்துருவைத் தளமே அனுப்ப முடிந்ததால் என்பேன். இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும்: 1997-லேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 அதைச் செய்யவில்லையா? செய்தது. ஆனால் அதன் இஓடி வடிவம் அந்த உலாவிக்கு மட்டுமே. நெட்ஸ்கேப் 4 வேறு வடிவத்தைக் கேட்டது. தமிழ்த் தளங்களுக்கோ எழுத்துரு அழகுப் பிரச்சினையே அல்ல. டிஸ்கி, டாம், டாப் எனக் குறியீடுகள் பிரிந்துகிடந்த காலத்தில், எந்தக் கணினியிலும் படிக்க முடிந்த தமிழ் படத்துக்குள் இருந்த தமிழ்தான். விண்டோஸ் 2000 லதா என்ற தமிழ் எழுத்துருவோடு வந்தும், எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. படமெனு ஆங்கிலத் தளத்தில் ஒப்பனை என்றால் தமிழ்த் தளத்தில் தேவை. இவ்வேறுபாடு ஷேயின் வரலாற்றில் இடம்பெற வழியில்லை. அதற்காக அவரைக் குறைசொல்வதும் முறையல்ல.

2009 ஜூனில் தளம் அனுப்பும் எழுத்துருவை ஏற்ற ஃபயர்ஃபாக்ஸ் 3.5, 2010-இல் கூகுளின் எழுத்துருச் சேவை, அதே ஆண்டு படத்து எழுத்தின் மங்கலை அம்பலமாக்கிய ஐபோன் 4-இன் திரை, 2012 டிசம்பரில் வாஃப் எழுத்துரு வடிவத்துக்கு டபிள்யூ3சி பரிந்துரை. இந்த நான்கில் எதையும் தனி எல்லையாக நான் முன்வைக்கவில்லை. துண்டாக்கல், உருட்டுநிரல், படத்து எழுத்து ஆகிய மூன்றும் தனித்தனி வழக்காறுகள். வெவ்வேறு காலத்தில் வழக்கொழிந்தவை. 2004 முதலாவதன் வீழ்ச்சிக்கு நல்ல தொடக்கக் குறி. மூன்றாவதற்கு 2009 முதல் 2012 வரை என்ற இடைவெளிக்குமேல் சான்று இடம் தரவில்லை. தமிழ்த் தளங்களுக்கு அது அதற்குப் பிறகும் நீளலாம்.