வடை விலையை எவ்வளவு ஏற்றலாம்?

விலை ஏறினால் வாங்குவோர் குறைவர் என்பது வடைக் கடைக்காரருக்குத் தெரியாததல்ல. எவ்வளவு குறையும் என்பதைத்தான் நேரியல் சமன்பாடு காட்டுகிறது. விலையையும் தேவையையும் இப்படிக் கணிதமாக எழுதிய முன்னோடி, பிரெஞ்சு அறிஞர் கூர்நோ. ஆண்டு 1838.

எடுத்துக்காட்டாக, ஒரு கடையில் வடை 1 ரிங்கிட்டுக்கு விற்றபோது நாளுக்கு 200 போனது. 1.20 ஆக்கியதும் 160 ஆனது. 20 சென்னுக்கு 40 வடை என்றால், ஒரு ரிங்கிட்டுக்கு 200 குறையும். ஆகவே:

தேவை = 400 – 200 × விலை

விற்பனைப் பணம் 200 ரிங்கிட்டிலிருந்து 192 ஆக இறங்குகிறது. பதற வேண்டாம். ஒரு வடைக்குச் செலவு 60 சென் என்றால், 80 ரிங்கிட்டாக இருந்த லாபம் 96 ஆகிறது. 1.30க்கு விற்றால் 98, அதுவே உச்சம். 1.40இல் மீண்டும் 96.

பருப்பும் எண்ணெயும் விலையேறி, செலவு 80 சென் ஆனால்? பலர் அந்த 20 சென்னை அப்படியே சேர்த்து 1.50 ஆக்குவர். லாபம் 70 ரிங்கிட். 10 சென் மட்டும் ஏற்றி 1.40இல் நிறுத்தினால் 72. வடையும் 20 கூடுதலாகப் போகும். தேவை நேர்க்கோடாக இருக்கும்வரை, கூடிய செலவில் பாதியை ஏற்றுவதே கடைக்கு நல்லது.

கோட்டை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. 2 ரிங்கிட் என்றால் ஒரு வடைகூட விற்காது என்கிறது சமன்பாடு. பசித்து வந்தவர் வாங்கத்தான் செய்வார். சம்பள நாள் விற்பனையை மாதக் கடைசியோடு ஒப்பிட்டாலும் கணக்கு பிசகும். அங்கே மாறியது விலை மட்டுமல்ல, கையிலுள்ள காசும்தான்.